ஒரு நர்ஸ் என்று சொன்னாய்

மேக்கன், ஜார்ஜியா
மார்ச் 4, 2022

அன்புள்ள எர்னஸ்டீன்,

நீ போனை எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். பேரன் மைக்காவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நம் பிரசவ வார்டில் ஒரு பயிற்சி தொடங்குகிறார்கள். கறுப்பினத் தாய்மார்கள் வலிக்கிறது என்றால் நாம் ஏன் நம்புவதில்லை என்பதுதான் பாடம். என்னை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். உன் மகள் ரெனீட்டாவுக்கு நடந்ததைச் சொல்லலாமா? உன்னைக் கேட்காமல் வாய் திறக்கமாட்டேன்.

இருபத்திரண்டு வருடம் ஒரே வார்டில் வேலை பார்த்தோம். ஒரு வரியாவது எழுது.

உன்
கொலீன்

மார்ச் 11

கொலீன்,

நான்கு பல். சோபாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். என்னைத்தான் அம்மா என்கிறான்.

சொல். ஆனால் முழுதாகச் சொல். மைக்கா பிறந்த மறுநாள் அவள் உன்னிடம், "ஆன்ட்டி, தலை வெடிக்குது, கண்ணு மங்கலாத் தெரியுது" என்றாள். நீ, "புள்ள பெத்தவங்க எல்லாருக்கும் இருக்கறதுதான், பெருசு பண்ணாதடி" என்றாய். மூன்று மணி நேரம் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. பக்கத்து அறை வெள்ளைக்காரப் பெண் அதே தலைவலியைச் சொன்னதும் டாக்டரைக் கூப்பிட்டாய். என் மகள் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து செத்தாள். இதெல்லாம் அடக்கத்தன்று நீயே அழுதுகொண்டே சொன்னது.

அவர்கள் முன்னால் "நான்" என்று சொல். அது போதும்.

எர்னஸ்டீன்

ஏப்ரல் 20

அன்புள்ள எர்னஸ்டீன்,

பயிற்சி நல்லபடியாக முடிந்தது. அறுபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். ஓர் இளம் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பெயர் எதுவும் வரக்கூடாது என்று நிர்வாகத்தின் வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் "ஒரு நர்ஸ்" என்றேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. உனக்குப் புரியும்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? மைக்காவைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று!

உன்
கொலீன்

ஏப்ரல் 24

கொலீன்,

நானும் வந்திருந்தேன். கடைசி வரிசை. எனக்கு முன்னால் இரண்டு புது நர்ஸுகள் கிசுகிசுத்தார்கள். "யாருடி அந்தப் பாவி?" என்றாள் ஒருத்தி. "நம்ம வார்டா இருக்காது. கொலீன் இருக்கறப்ப இப்படி விட்டுருவாங்களா?" என்றாள் மற்றவள். எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று. ரெனீட்டா, செத்த அன்று மதியம் வார்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "அம்மா, நான் சொல்றத யாருமே கேக்கலம்மா. கத்தட்டுமா?" என்றாள். எங்கள் கறுப்பினப் பெண்கள் கத்தினால் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். அந்த வார்டிலேயே கேட்டிருக்கிறேன். "கத்தாதடி. கொலீன் இருக்கா, பாத்துக்குவா" என்றேன். நான் வளர்த்த பெண் அல்லவா, கத்தவில்லை.

அடுத்த மாதம் எங்கள் தேவாலயக் கூடத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை வரச்சொல்லியிருக்கிறேன். வார்டில் யார் இருந்தாலும் கத்துங்கள் என்று சொல்லப்போகிறேன். நான் செய்ததை என் பெயரிலும், நீ செய்ததை உன் பெயரிலும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வராதே.

எர்னஸ்டீன்