படகில் மூன்று, தண்ணீரில் மூன்று

அக்கா,

நேற்று வீட்டுக்குச் சாயம் அடிக்க வந்தவர்கள் நம் படகுப் படத்தின் கண்ணாடியில் சாயத்தைச் சிந்திவிட்டார்கள். பாவம், பயந்துபோய் அதைக் கழற்றித் துடைத்து, படத்தைச் சட்டத்துக்குள் திரும்பப் போட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். சாய வாடை தாங்காமல் சன்னலைத் திறக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். படம் தலைகீழாகத் தொங்கியது. அவர்கள்மேல் தப்பே இல்லை. அந்தப் படத்தில் எது மேல், எது கீழ் என்று யாருக்குத்தான் தெரியும்! உடனே செல்விக்குப் போன் போட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா இருந்திருந்தா அந்த ஆளுங்கள உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்திருப்பாங்கலா" என்றாள். நிஜம்தான், கொடுத்திருப்பீர்கள்.

பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் நாம் மூவரும் தாதிகளாக இருந்தது எழுபதுகளில். ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை. ஈப்போவில் ஒரு பழைய கேமராவை வாங்கி வந்தீர்கள். நெஞ்சுக்கு நேரே தொங்கும், மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். முதல் வருஷப் படங்களில் எனக்குத் தலையே கிடையாது. நான் சண்டைக்கு வந்தால், "தலை எதுக்குலா உனக்கு? சேலைதானே புதுசு!" என்பீர்கள். வாய்க்கு மட்டும் உங்களிடம் குறையே இருந்ததில்லை.

பிறகு உங்களுக்குத் தைப்பிங்குக்கு மாற்றல் வந்தது. நானும் செல்வியும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "அழுவுறத அப்புறம் அழுவலாம். லீவு போடுங்க. படகுல போவோம், படம் புடிப்போம்."

செல்வியின் அண்ணன் அப்போது தெலுக் ஆன்சனுக்குக் கீழே ஒரு தென்னந்தோட்டத்தில் இருந்தார். அங்கே தேங்காய்கூடப் படகில்தான் போகும். தோட்டம் முழுக்கக் கால்வாய். கடல்நீர் உள்ளே வராமல் மதகுக் கதவைத் திறந்து மூடுவது அண்ணன் வேலை. தன் படகைக் கழுவி, நமக்காகப் பாய் விரித்து வைத்திருந்தார். மூங்கில் கழியை ஊன்றிப் படகைத் தள்ளத் தெரிந்தவள் செல்வி ஒருத்திதான். நான் ஊன்றினால் படகு கோயில் சுற்றுவதுபோல் சுற்றும். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?

ஆனால் படகின் அந்த ஆமை வேகம் படம் பிடிப்பதற்கென்றே ஆனது. மரத்துக்கு மரம் நின்று நின்று போனோம். கரையில் வெயில் காய்ந்த உடும்பு, துணி துவைத்த பெண்கள், தேங்காய்க் குவியல்மேல் தூங்கிய நாய், எல்லாவற்றுக்கும் "ஊணாத, ஊணாத, நிறுத்து!" என்று கத்தினீர்கள். உங்கள் சத்தத்தில் உடும்பு ஓடியே போனது. "சொல்லாமக் கொள்ளாமப் போவுது பாரு, மரியாதை தெரியாதது" என்று அதையும் திட்டினீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசி நாள் பிற்பகல். ஃபிலிமில் ஒரே ஒரு படம் பாக்கி. மூன்று பேரும் சேர்ந்து எடுக்கலாம் என்றீர்கள். நான் முடியவே முடியாது என்றேன். மூன்று பேராய்ப் படம் எடுத்தால் பிரிந்துவிடுவோம் என்பது என் அம்மாவின் சட்டம். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் மூன்று பேர் படத்துக்கு நின்றால் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கி நடுவில் திணித்துவிடுவார்கள்.

"எங்க சாமியே மூணு பேருதான். பிதா, சுதன், ஆவி. பிரிஞ்சா போயிட்டாங்க?" என்றீர்கள்.

"சாமிய யாரு போட்டோ புடிச்சா? நீங்க ஏற்கெனவே தைப்பிங் போறீங்க. இதுவும் சேந்தா மொத்தமா போயிடுவீங்க" என்றேன். அதுதான் அக்கா என் பயம். படம் அல்ல, நீங்கள்.

நீங்கள் கேலி செய்யவில்லை. நான்காவதாக ஒரு ஆளைத் தேடினீர்கள். செல்வியின் அண்ணி படகில் ஏற மாட்டேன் என்றார். படம் பிடிக்கவாவது வாருங்கள் என்றால், "மூணு பேரா இருந்தா நான் அமுக்க மாட்டேன், பாவம் எனக்கு வேணாம்" என்று அவரும் என் கட்சி. அவருடைய பெட்டைக்கோழியை என் மடியில் வைத்தோம். அது என் சேலையை நாசம் செய்துவிட்டுக் கரைக்கே பறந்து போனது.

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று, "அண்ணன் எப்ப மதகுக் கதவ மூடுவாரு?" என்றீர்கள்.

"கடல் ஏறும்போது. இப்ப மூடிடுவாரு" என்றாள் செல்வி.

கதவு இறங்கியது. கால்வாய் ஓட்டம் மெல்ல மெல்ல நின்றது. காற்றும் இல்லை. தென்னை எல்லாம் தலைகீழாய்த் தண்ணீருக்குள் வந்து நின்றன, அவற்றோடு நாமும்.

"இப்ப எண்ணுலா" என்றீர்கள்.

படகில் மூன்று, தண்ணீரில் மூன்று. கரையில் அண்ணி கேமராவுக்குள் குனிந்து, விரலை மடக்கி எண்ணி, "அடி ஆத்தி, ஆறு பேரு இருக்கீங்க!" என்று கூவினார். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன நீங்களே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டீர்கள். உங்கள் பக்கத்துத் தண்ணீர் மட்டும் நடுங்கியது. அண்ணி அமுக்கிவிட்டார்.

நாம் பிரியவில்லை அக்கா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் முறுக்கு டின்னோடு தைப்பிங் மழையில் நனைந்து வந்தோம். தீபாவளிக்கு நீங்கள் கேமராவோடு வந்தீர்கள், என் தலையை வெட்டினீர்கள். போன வருஷம் நீங்கள் கண்மூடும்வரை எதுவும் நிற்கவில்லை. இப்போது கல்யாண வீட்டில் யாராவது மூன்று பேராய் நிற்கத் தயங்கினால் நான்தான் போய் அதட்டுகிறேன்.

இன்று செல்வி வந்தாள். படத்தைச் சரியாக மாட்டுகிறேன் என்று நாற்காலியில் ஏறியவளை நிறுத்தினேன். இத்தனை வருஷமும் நாம் படகில் இருந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். இப்போது தண்ணீரில் இருந்தவர்கள் மேலே வந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் செல்வியும் சிலைபோல் இருக்கிறோம். நடுவில் நீங்கள் கலங்கலாய், இன்னும் சிரித்து முடிக்காமல்.

செல்வி கண்ணாடிமேல் விரல் வைத்து மெதுவாக எண்ணினாள்.

"ஆறு பேரும் இருக்கோம்லா" என்றாள்.