மோட்டார் சைக்கிள் விற்ற மறுநாள்

இஞ்சாருங்கோ,

இனி எனக்கு பஸ்தானே, அதாலை வெள்ளெனவே பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டிட்டன். புட்டும் முட்டைப்பொரியலும் மேசையிலை மூடிக் கிடக்கு. சாப்பிட்டாப்பிறகு மருந்துக் குளிசையைப் போடுங்கோ.

உங்கடை காலுக்குப் பிசியோதெரபி செய்யிற நிரோஜா பத்து மணிக்கு வருவா. கேற்றைப் பூட்டேல்லை. போனமுறை மாதிரி நித்திரை எண்டு கிடந்து அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதேங்கோ. காப்புறுதிக்காரர் தங்கடை பட்டியலிலை உள்ள கொழும்பு ஆஸ்பத்திரிக்குத்தான் காசு குடுப்பினமாம். பாரிசவாதம் வந்த மனுசனை ஒவ்வொரு கிழமையும் கொழும்புக்குக் கொண்டுபோகேலுமே? வீட்டை வாற பிள்ளைக்கு நாங்கள்தான் குடுக்கவேணும். அதுக்குத்தான் மோட்டச்சைக்கிளை வித்தனான்.

"நான் இனி அதிலை ஏறமாட்டன் எண்டு முடிவெடுத்திட்டீரோ?" எண்டு நேற்றுக் கேட்டியள்.

சுகிர்தம்

பி.கு: பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கு. நிரோஜாவுக்கும் குடுங்கோ.

இன்னொண்டு. சைக்கிளை வாங்கினவர் உங்கடை ஹெல்மெற்றையும் கேட்டவர். நான் குடுக்கேல்லை. கட்டிலுக்கு நேரே ஆணியிலை கொழுவியிருக்கிறன், பாருங்கோ. "இனி உது உங்களுக்கு என்னத்துக்கு?" எண்டார்.

"என்ரை மனுசனுக்கு வேணும்" எண்டனான்.