முதல் மாடியில் கடல்மட்டம்

இன்று காலை தலைமையாசிரியர் அறையில் பீரோவைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பெட்டிகள். மணிச்சட்டம், பின்ன வட்டுகள், வடிவப் பலகைகள் எல்லாம் உறை பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. அனுப்பியவர்கள் அனுப்பிவிட்டார்கள், வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கைக்குத்தான் வந்து சேரவில்லை.

இந்த வாடை உனக்கு எவ்வளவு கோபம் வரவழைக்கும் என்று எனக்குத் தெரியும். "ஏளா, பொம்மக் கடையில கூட பிள்ளையத் தொட்டுப் பாக்க விடுவாவ," என்று பெட்டிகள் வந்த நாளில் தலைமையாசிரியர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னாய். அவர் சிரித்தார். "உடைஞ்சா ஆடிட்டுக்கு நீங்களா டீச்சர் வந்து பதில் சொல்லுவீங்க?"

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு ரோடு போட ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. அதே ரோட்டில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த ஒரு கணக்கு டீச்சரை லாரி அடித்துப் போட்டால், அவள் வகுப்புக்கு இன்னொரு டீச்சர் அனுப்ப ஆள் இல்லை. அறிவியல் எடுக்கும் நானே உன் பாடத்தையும் எடுக்கிறேன். உன் நாற்காலியில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே எடுக்கிறேன்.

முழுக்கள் பாடத்துக்கு நீ தயாரான விதம் நினைவிருக்கிறதா? பூச்சியத்துக்குக் கீழே எண் உண்டு என்று காட்ட, புத்தகத்தில் பனி உறையும் ஊரின் வெப்பமானிப் படம் இருந்தது. "நம்ம பிள்ளைக ஐஸ் பாக்கணும்னா மீன் பெட்டியத்தான் திறக்கணும்," என்று புத்தகத்தை மூடினாய். மறுநாள் மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து பழைய நைலான் கயிறு கேட்டு வாங்கி வந்தாய். சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி, தரைவரை தொங்கவிட்டாய். முதல் மாடி வராந்தாதான் கடல்மட்டம். அந்த முடிச்சில் நீலத் துணி. அதற்கு மேலே உள்ளதெல்லாம் பிளஸ், கீழே உள்ளதெல்லாம் மைனஸ். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் சங்கு குளிக்கப் போகிறார்கள், அதனால் ஒரு முடிச்சு ஒரு பாகம் என்று வைத்தாய். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் என்று நீதான் எனக்குக் கையை விரித்துக் காட்டினாய். கடல் இல்லாத சாயர்புரத்துக்காரியான நீயே அதை முந்தின வாரம்தான் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாய்.

ஒரு வாரம் பள்ளிக்கூடமே முடிச்சுகளை எண்ணிக்கொண்டு படிக்கட்டில் கிடந்தது. அப்போதுதான் பள்ளியைப் பார்வையிட வந்தார் அந்தக் கல்வி அதிகாரி. கயிற்றை மேலும் கீழும் பார்த்தார். ஆறாம் வகுப்புக்குள் வந்து முன்பெஞ்சில் இருந்த இன்பென்டாவை எழுப்பினார்.

"மைனஸ் ரெண்டு, மைனஸ் எட்டு. எதும்மா பெருசு?"

"மைனஸ் எட்டு சார்."

"எப்படி?"

"எங்கப்பா எட்டு பாகம் இறங்குவாவ சார். இவ அப்பா ரெண்டு பாகத்துலயே மூச்சு முட்டி மேல வந்துருவாவ."

"ஏளா, எங்கப்பாவ இழுக்காத!" என்று பக்கத்தில் இருந்தவள் கத்த, வகுப்பே சிரித்தது. நானும் வாசலில் நின்று சிரித்தேன். அதிகாரி சிரிக்காமல் உன் பக்கம் திரும்பினார். "கயித்தக் கட்டித் தொங்கவிட்டு இதத்தான் சொல்லிக் குடுத்தீங்களா? கடக்கரப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏறாதும்மா. வாய்ப்பாட்ட மட்டும் ஒழுங்கா ஒப்பிக்க வைங்க, போதும்."

பிள்ளைகள் முன்னால் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் மேல் யாரும் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை. இன்பென்டா உட்கார்ந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தலைமையாசிரியர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். நீ அவிழ்க்கவில்லை. சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாய். இறால் கம்பெனியில் இருந்து வந்து கையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா, "கணக்கு ஏறாதுன்னு பெரிய சாரே சொல்லிட்டாவளாம். எங்கூட எறா உரிக்க வாரேன்னு சொல்லுதா," என்றாள்.

நீ அம்மாவிடம் பேசவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையிடம் கேட்டாய்.

"ஏளா, ஆழத்துல எது பெருசு?"

"எட்டு."

"அது சரி. இப்போ உங்கப்பா எட்டுல நிக்காவ, அவ அப்பா ரெண்டுல நிக்காவ. யாரு தல மேல இருக்கு?"

"அவ அப்பா தல."

"எண்ணுக்குக் கடலு தெரியாதுளா. எது மேல இருக்குன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். நீ ஆழத்தச் சொன்ன, சரியாச் சொன்ன. நாங்க கேட்டது உசரத்த. அத ஒழுங்காக் கேக்காதது எங்க தப்பு."

பிள்ளை வெளியே வந்தாள். "அப்போ அந்த சார் கேட்டது தப்பா டீச்சர்?"

"ஆமா," என்றாய், யோசிக்காமல். திரும்பும் வழியில் எனக்கான பஸ்ஸை விட்டுவிட்டு நின்றோம். தப்பான விடை என்று ஒன்று கிடையாது, அந்தப் பிள்ளை வேறு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கும் என்று சொன்னாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பஸ் வரும்வரை சண்டை போட்டோம். அந்தச் சண்டையை இப்போது யாரோடு போடுவது?

இன்பென்டா திரும்பி வந்தாள். இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் முழுக்களின் பெருக்கல் எடுத்தேன். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் பிளஸ் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் அவள் கையைத் தூக்கி நிற்கிறாள்.

"ஏன் டீச்சர்?"

"அது விதிம்மா."

"அந்த டீச்சர் அடுத்த வருசம் காட்டுதேன்னு சொன்னாவ. அதுக்கு ஒரு வெளாட்டு வச்சிருக்காவளாம்."

என்னிடம் நீ சொல்லவில்லை. உன் மேசை, பை, உன் தங்கை எடுத்துக்கொண்டுபோன பொருட்கள் எதிலும் அது இருக்காது, உன் தலைக்குள்தான் இருந்திருக்கும். சாக்பீஸைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியலம்மா. யோசிச்சுட்டு வாங்க, நானும் யோசிக்கேன்," என்றேன்.

நேற்று அவள் அப்பாவின் செல்போனைக் கொண்டுவந்தாள். அப்பா வள்ளத்தில் இருந்து தலைகீழாகக் குதித்துக் கீழே போகும் வீடியோ. அதைப் பின்னோக்கி ஓட்டினாள். தண்ணீருக்குள் இருந்து முதலில் இரண்டு கால்கள் வந்தன, பிறகு மனிதர் முழுதாக எழும்பி வள்ளத்தில் போய் நின்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கீழ போறது மைனஸ். படம் பின்னால ஓடுறதும் மைனஸ். ஆனா அப்பா மேல வாராவ பாருங்க டீச்சர்."

மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும். சிரிப்பு அடங்கவில்லை. யாரோ, "ஏளா, ஒங்கப்பா மீனு மாதிரி துள்ளுதாவ," என்றார்கள். என் கால்கள் தாமாக நீ வகுப்பெடுத்த பக்கத்து அறையை நோக்கி நடந்துவிட்டன, உன்னைக் கூப்பிட. வாசல்வரை போய்த்தான் நின்றேன்.

நீ வைத்திருந்த விளையாட்டு இதுதானா, இல்லை வேறு ஒன்றா? இனி எனக்கு அது தெரியப்போவதே இல்லை. இதைவிட நல்லதாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் திரும்பி வகுப்புக்குள் வரும்போது இன்பென்டா அடுத்த கேள்வியோடு நின்றுகொண்டிருந்தாள்.