என் வயலைச் சுத்தம் செய்த சகோதரிகள்

அன்பு மகள் ஹாலிஸுக்கு,

அலபாமாவிலிருந்து அம்மா எழுதுவது. மாற்றிவைத்த இடுப்பு மூட்டு நலம், கைத்தடி நலம், கோழிகள் நலம், மனசு ஒன்றுதான் நலமில்லை. அலாஸ்காக் குளிரில் உன் மூச்சு எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது, ஆஸ்பத்திரி டியூட்டிக் கதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நீ போன் செய்யும்போதெல்லாம் வயல் எப்படி இருக்கும்மா என்று கேட்கிறாய், ரொம்ப அழகா இருக்குடி என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் கண்ணு. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிவந்தது ரொவீனாதான். கல்லூரியில் சகோதரிகளாக இருப்போம் என்று சத்தியம் செய்து பெண்கள் சங்க வீட்டில் நான் சேர்ந்த அன்று எனக்கு அக்காவாக வாய்த்தவள், எனக்கு அறுபது வயதாகியும் இன்னும் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறாள். கேட் அருகில் வந்ததும் கண்ணைப் பொத்திவிட்டாள். உள்ளே கைத்தட்டலும் பாட்டும், அந்தக் காலத்தில் புதுப்பெண்களை வாசலில் நின்று வரவேற்கப் பாடுவோமே அதே பாட்டு. இப்ப பாருடி பொடிசு என்று கையை எடுத்தாள். நம் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் மஞ்சள் சட்டை போட்டு வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் என் வயல் முழுக்கக் கருகிக் கிடக்கிறது. உம்பொண்ணு போன் பண்ணி அம்மா படுத்திருக்கா, பாதையில புல்லு மண்டிக் கெடக்கு, கொஞ்சம் வெட்டிக் குடுங்கன்னா, நாங்க அதோட விடுவோமா, கடையில இருந்த களைக்கொல்லி மொத்தத்தையும் வாங்கி வேலியிலேருந்து வேலி வரைக்கும் அடிச்சுட்டோம், ஒரு செடி பொழைக்கலன்னா பாத்துக்கோ என்று டெல்ஃபீன் மார்தட்டிக்கொண்டாள்.

மண்ணுக்கு உரமாகட்டும் என்று நான் போன இலையுதிர் காலத்தில் விதைத்த ரை புல்லும் பட்டாணிக்கொடியும் அவர்கள் கண்ணுக்குக் களையாகத் தெரிந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரையும் கட்டிக்கொண்டேன். நகப்பூச்சு போட்ட விரல்களில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது, அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் திட்டுவேன்? போட்டோவுக்குச் சிரித்தேன், எலுமிச்சைக் கேக் வெட்டினேன், பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மருந்து விழுந்த மண்ணுக்கு மூன்று வருஷம் இயற்கை விவசாயச் சான்று கிடையாது. சான்று இல்லை என்றால் பள்ளிச் சமையற்கூடங்கள் என் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வாங்காது. அவர்கள் வாங்காவிட்டால் நிலத்தைப் பக்கத்துப் பருத்திக்கார வெர்னனுக்குக் குத்தகைக்கு விடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார். வெர்னனே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புத்தி சொன்னார், கெட்டவர் இல்லை அவர். ஏம்மா க்ளெண்டா, உருளைய ஓட்டிச் சாய்ச்சுக் காயவெச்சேன்னு சொல்லிட்டுப் போ, செத்த புல்லு வாயத் தொறந்து பேசுமா என்றார். உண்மைதான், மருந்தே இல்லாமல் உருளை ஓட்டிச் சாய்த்த புல்லும் இப்படித்தான் கருகிக் கிடக்கும், எந்த ஆய்வாளருக்கும் சந்தேகம் வராது. அந்த நினைப்புதான் என்னைத் தின்கிறது. ஒரே ஒரு பொய்யில் எல்லாம் தப்பிவிடும்.

பொறுக்க முடியாமல் ரொவீனாவுக்குப் போன் போட்டு விஷயத்தை உடைத்தேன். முதலில் சிரித்தாள், பிறகு தேம்பினாள். தேம்பி முடித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா, எங்க பேரச் சொல்லிடாதடி, டெல்ஃபீன் புருஷன் எலெக்‌ஷன்ல நிக்கிறான், சங்க வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு மெழுகுவத்தி முன்னால சத்தியம் பண்ணோமே மறந்துட்டியா என்றாள். மறக்கவில்லை. உன் அப்பா செத்தபோது இதே பெண்கள்தான் முறை போட்டு நமக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை, நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன் சொல்லு.

நான் ஒன்றும் விவசாயக் குடும்பம் இல்லையே. புல்தரையில் குதிகால் செருப்பு புதைந்தால் ஊரைக் கூட்டினவள், பெரிய வீடுகளுக்குத் திரைச்சீலை தேர்ந்து கொடுத்துப் பிழைத்தவள். என்னைக் கொண்டுவந்து மண்ணில் இறக்கியது நீதான். பருத்திக்கு இலை உதிர்க்க மருந்தடிக்கும் பருவம், ஆறு வயது உனக்கு, அந்த மருந்துக் காற்றில் மூச்சு முட்டி, காரின் பின் சீட்டில் உதடு நீலமாகிப் படுத்திருந்தாய். வண்டியை ஓட்டிக்கொண்டே கடவுளிடம் பேரம் பேசினேன், இவளைக் கொடு, நம் வேலிக்குள் இனி ஒரு சொட்டு மருந்து விழ விடமாட்டேன் என்று. சங்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள், க்ளெண்டாவுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சு என்றார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷம் உழுதேன். இப்போது குத்தகைக்கு விட்டால் அதே பருத்தி நம் சமையலறை ஜன்னல் வரைக்கும் வரும், அதே மருந்தும் வரும். நீ லீவுக்கு வந்து எந்த அறையில் படுப்பாய்?

ஆனாலும் ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், கண்ணு. அந்தக் கிழங்கைச் சாப்பிடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உன்னைப் போல மூச்சிரைக்கும் நெஞ்சோ, அவர்கள் தட்டில் அதை வைத்துவிட்டு நான் தூங்கமாட்டேன். யார் அடித்தார்கள் என்று அவர் கேட்டால் என் குடும்பம் என்று சொல்வேன். அதில் பொய் இல்லை, சத்தியமும் உடையவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் தனியாகத் தாக்குப்பிடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. உன்மேல் துளிகூடக் கோபமில்லை. நீ புல்லை வெட்டத்தானே சொன்னாய். போனில் மன்னிப்பு மட்டும் கேட்காதே, கேட்டால் நான் உடைந்துவிடுவேன். எப்போது வருகிறாய் என்று மட்டும் சொல்.

கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், நீ இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் இலகுவாக இருக்கட்டும். இன்ஹேலரைக் கைப்பையில் போடாதே, கோட்டுப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். இன்னொன்று, உன் பெயர் எழுதி ஒரு மஞ்சள் சட்டையும் விட்டுப் போயிருக்கிறார்கள், பார்சலில் அனுப்பச் சொல்லி ரொவீனா நச்சரிக்கிறாள். களைக்கொல்லிக் கேனோடு ஒரே பெட்டியில் வந்த சட்டை அது. மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டுவிட்டேன், வாடை இன்னும் போகவில்லை. அதை உனக்கு அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
க்ளெண்டா