மே பதினைந்து வரை

திருச்செந்தூர் முருகன் துணை

மாப்பிள்ளையூரணி,
பிப்ரவரி 2.

அன்புள்ள மகன் சிவப்பிரகாஷுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். நீ அங்கே மும்பையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் தெரியப்படுத்து.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்பேன், வேலையில் இருக்கிறேன் என்று நீ சொல்வாய், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அம்மா இருந்தவரைக்கும் அவள்தான் நம் இருவருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தாள். பொங்கல் சமயத்தில் நான்கு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கோபத்தில் ஐந்தாவது தடவை கூப்பிடவில்லை. படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது உங்கள் தொழிலில் ஒரு விதி என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஊர்ச் சேதி. கடையில் வியாபாரம் மந்தம். கயிறும் தார்ப்பாயும் கொஞ்சம் போகிறது. சித்திரையில் மீன்பிடித் தடை வந்து படகுகளைக் கரையேற்றினால்தான் பெயிண்ட் டப்பாக்கள் நகரும். பொங்கலுக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உன் படத்தை மாடி உயரத்துக்கு வைத்திருந்தார்கள். உன்னிடம் சொல்லவில்லை, தினமும் கடையைத் திறப்பதற்கு முன்னால் அங்கே போய் எதிர் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, உங்க மவன் கண்ணச் சிமிட்டவே மாட்டேங்கான்" என்று கிண்டல் செய்வார். போன திங்கட்கிழமை போனால் உன்னை இறக்கிவிட்டு ஒரு நகைக்கடைப் பெண்ணை ஏற்றியிருக்கிறார்கள். டீ குடிக்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில் ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எவ்வளவு என்று இன்னும் கைக்குப் பிடிபடவில்லை. ஒன்று மிஞ்சுகிறது, இல்லையென்றால் பற்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடி பீரோவைக் குடைந்தபோது நீ விட்டுப்போன பச்சை ஃபைல் கிடைத்தது. (அட்டை எதற்கு என்று கேட்காதே, படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.) அதில் உன் ஏஜென்சி கொடுத்த நான்கு பக்கத் தாள். மாடலாக வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லாம் இங்கிலீஷில். உன் சிநேகிதன் லிங்கராஜ் ஹார்பரில் ஆபீஸ் முடிந்து போகும்போது அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தான்.

சும்மா நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கு ஒரு சம்பளமா என்று உன்னை எத்தனை தடவை கேட்டிருப்பேன். இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். உயரத்தையும் இடுப்பளவையும் கூட்டிக் குறைத்துச் சொல்லக் கூடாது. தோல் நிறத்தில் ஒரு பனியன் எப்போதும் பையில் இருக்க வேண்டும். கூட ஆள் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கொடுத்த உடுப்பைப் பழிக்கக் கூடாது. பேசிக்கொண்டதற்கு மாறாக எதையும் செய்யச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்று போட்டிருந்ததைப் படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆளை எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கக் கூடாதாம். அதுவும் சரிதான். கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவனை நான் மறித்துக் கேட்கிறேனா? ஆனாலும் உன்னை எத்தனை பேர் அப்படி அனுப்பினார்களோ என்று நினைத்துப் பார்த்தேன். நீ யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாய்?

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்ததும் லிங்கராஜ் பேனாவை வைத்துவிட்டான். ஏஜென்சிக்குச் சொல்லாமல் முடியையோ மீசையையோ மாற்றக் கூடாது, மாற்ற வேண்டி வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிற வரி. என்னலே என்றேன். விடாமல் கேட்டதும்தான் சொன்னான்.

"மாமா, அத்தை இறந்த அன்னைக்கு அவன் போன்ல பேசுனது இதுக்குத்தான்."

மகனே, அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அம்மாவை வீட்டுக்குள் கிடத்தியிருக்கிறது. நீ வேப்பமரத்தடியில் நின்று போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாய். நான் வந்து போனைப் பிடுங்கினேன். "பெத்தவ கிடக்கா, உனக்குப் பேச்சு கேக்குதோ" என்று சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்கச் சத்தம் போட்டேன். சுடுகாட்டில் சலூன்காரன் பேச்சிமுத்துக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தாய். முடியும் போயிற்று, மீசையும் போயிற்று. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குப் பட்டு வேட்டி விளம்பரத்துக்கு உன்னைத்தான் எடுத்திருந்தார்கள் என்றும், அடுத்த வாரம் வேறு ஒருத்தனைப் போட்டுவிட்டார்கள் என்றும், முடி வளர்கிற ஏழு மாதமும் நீ மும்பையில் கூரியர் கோடவுனில் பெட்டி தூக்கினாய் என்றும் லிங்கராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஏழு மாதமும் வேலை நன்றாகப் போகிறது என்றுதான் என்னிடம் சொன்னாய்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு உன்னை விட்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான். பெற்றவளுக்கு மகன் முடி கொடுக்காமல் இருப்பானா என்று நின்றிருப்பேன். ஆனால் போனைப் பிடுங்கியிருக்க மாட்டேன். நீ உன் தொழிலுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துகொண்டிருந்தாய், நான் அதை அம்மாவுக்குச் செய்த அவமரியாதை என்று நினைத்தேன். என்னை மன்னித்துக்கொள். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

முடிந்தால் பதில் எழுது. முடியாவிட்டால் எழுத வேண்டாம், வேலையைப் பார்.

உன் நலம் நாடும் அப்பா,
வெள்ளத்துரை

*

திருச்செந்தூர் முருகன் துணை

மாப்பிள்ளையூரணி,
மார்ச் 4.

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்தாய். "விடுங்கப்பா, முடிதானே, வளந்துட்டு" என்றாய். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அந்தச் சும்மா இருந்ததும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு கைக்கடிகாரக் கம்பெனி விளம்பரம் கிடைத்திருப்பதைச் சொன்னாய். மூன்று தடவையாக எடுக்கிறார்கள், மூன்றிலும் ஆள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மே பதினைந்து வரை முடியிலும் தாடியிலும் கை வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றாய். காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்தேன்.

இப்போது நான் எழுதப்போவதைப் பதறாமல் படி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதினேனே, அது கொஞ்சம் இல்லையாம். நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபதாம் தேதி ஆபரேஷன் என்று எழுதிவிட்டார்கள். மே பதினைந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வீட்டில் ஏதும் கல்யாணமா என்று கேட்டார். இல்லை, மகனுக்கு ஒரு பட வேலை இருக்கிறது, அதுவரைக்கும் அவன் தலைமுடியை எடுக்கக் கூடாது என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"பெரியவரே, பிழைக்க வந்த இடத்துல போறதுக்குத் தேதி கேக்குறீங்களே" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்து தனியாக பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வரவில்லை. தூத்துக்குடி வந்து சேருகிறவரைக்கும் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

தேதி என் கையில் இல்லை என்று ஆன பிறகு, என் கையில் இருப்பதைச் செய்துவைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சரக்கு ஏற்றுகிறவன் மழை வராது என்று நம்பினாலும் தார்ப்பாய் போட்டுத்தான் கட்டுவான். எனக்கு ஏதாவது ஆனால் நீ முடி எடுக்க வேண்டியதில்லை. மீசையையும் தொட வேண்டாம். அப்படியே வந்து கொள்ளி வை. இதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, காப்பீட்டு அட்டையோடு வைத்திருக்கிறேன். உனக்கு விருப்பம் இருந்தாலும் எடுக்கக் கூடாது. ஒத்துக்கொண்ட வேலை ஒத்துக்கொண்டதுதான். நீ ஒருத்தன் மாறினால் எடுத்த படமெல்லாம் வீண், கூட வேலை பார்க்கிற அத்தனை பேர் உழைப்பும் வீண் என்று லிங்கராஜ் சொன்னான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பேச்சிமுத்துவிடம் அவன் சலூனில் முகம் மழித்துக்கொண்டே சொன்னேன். கத்தியைப் பாதியில் நிறுத்திவிட்டான். "இதெல்லாம் எங்கிட்ட சொல்லுத பேச்சா அண்ணாச்சி, அவன் கல்யாணத்துக்கு நான் முகம் மழிக்கணும், நீங்க பாக்கணும்" என்றான். ஒரு பக்கக் கன்னத்தில் சோப்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சரி என்று தலையாட்டினான்.

உன் சித்தப்பா சிவனாண்டிதான் லேசில் மசியவில்லை. ஊர் என்ன சொல்லும், ஒற்றை மகனைப் பெற்று முடி கொடுக்க ஆளில்லாமல் போனான் என்று சொல்லாதா என்று இரண்டு நாள் சண்டை போட்டான். ஊரா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டேன். மூன்றாம் நாள் அவனாக வந்து நின்றான். "அவன் முடி இருக்கட்டும், நான் எடுத்துக்கிடுதேன்" என்றான். உன் தலையில் எடுக்க என்னலே இருக்கு என்றேன். அவன் தலை உனக்குத்தான் தெரியுமே, இரண்டு காதுக்கும் மேலே நாலு முடி. சிரித்தான், பிறகு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது எங்கள் அப்பா போனபோதுதான்.

கடைச் சாவி அவனிடம் இருக்கும். தடைக்காலத்துக்கு வேண்டிய பெயிண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அம்மா படத்துக்குத் தினமும் பூப் போட லிங்கராஜ் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீ எதற்கும் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது படப்பிடிப்பு பதினெட்டாம் தேதி தொடங்குகிறது என்று சொன்னாய். அதை விட்டுவிட்டு ஓடிவராதே. சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவனை நாளைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இத்தோடு முடிக்கத்தான் நினைத்தேன். காலையில் பச்சை ஃபைலை மூடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அடியில் ஒரு வரி இருக்கிறது, நீ கவனித்தாயோ என்னவோ. நெருங்கிய குடும்பத்தாருக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே ஏஜென்சியிடம் சொல்லி, படப்பிடிப்பை இரண்டொரு நாள் தள்ளிவைக்கக் கேட்கலாம், அது தவறு ஆகாது என்று போட்டிருக்கிறது. நெருங்கிய குடும்பம் என்று யார் யாரைச் சொல்கிறார்கள் என்று லிங்கராஜுக்குப் போன் செய்து கேட்டேன். அம்மா, மனைவி, பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தான். அப்பாவும் அதில் உண்டாம்.

இன்று தேதி நான்குதான். முன்கூட்டிச் சொல்ல நாள் இருக்கிறது. முறையாகக் கேட்டுப் பார். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்காதே, அதுவும் விதிதானே. கொடுத்தால், தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாகச் சீவிக்கொண்டு வா. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது உன்னை அப்படியே, முடியும் மீசையுமாகப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

முருகன் உன்னைக் காப்பான். நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

ஏலே, ஒரு எட்டு வந்துட்டுப் போ.

அப்பா