குறையாத காப்பி

வண்ணார்பேட்டை,
9.3.1995

அன்புள்ள மகளுக்கு,

உன் நாலு வரிப் பேய்க்கதையால் ஸ்ரீவைகுண்டத்துச் சம்பந்தம் போன வாரம் நின்றுபோனது. உங்கள் கல்லூரி மலரில் வந்த அதை மாப்பிள்ளையின் தங்கை தன் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"பெண் பார்க்க வந்தார்கள். சிரித்துச் சிரித்துக் காப்பி குடித்தார்கள். அவர்கள் போனதும் தம்ளர்களை எடுக்கப் போனேன். ஒன்றிலும் காப்பி குறைந்திருக்கவில்லை."

நேற்று நானே நேரில் போனேன். மாப்பிள்ளையின் அம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்களப் பேயாக்கிட்டாளே அண்ணாச்சி, ஒங்க மக!"

"அது டீச்சர் குடுத்த பயிற்சி, மதினி. நாலு வரியில பயங்காட்டிப் பழகுனா கற்பனை வளருமாம்."

"வளந்த வரைக்கும் போதும். இங்கன வந்து யாரு மேல வளக்கப் போறா?"

நான் பாத்திரக் கடைக்காரன். லட்சம் தம்ளராவது விற்றிருப்பேன். கதையை முதல் தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது, அவர்கள் உன்னைப் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டைப் பிடித்திருந்த உன் கை நடுங்கியது நினைவுக்கு வந்தது. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை படிக்கவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

அவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். பேசிய முப்பது பவுனோடு இன்னும் ஐந்து பவுன் போட வேண்டும். இல்லையென்றால், நீ இனிமேல் எதுவும் எழுத மாட்டாய் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும்.

விடுதியைக் காலி செய்து வரும்போது கதை நோட்டுகளையும் எடுத்து வா. முப்பது பவுனிலேயே முடித்துவிட்டேன்.

அப்பா