சின்னப்பையன் தீ வைத்துத் தோப்பைக் காத்த குற்றம்

அனுப்புநர்:
ஞா. தேவப்பிரியம்,
காட்டுத்தீத் தடுப்புப் போதகர் (தற்காலிகம், மூன்றாவது வருஷமாக),
கல்மண்டபம் சாலை, இராயபுரம், சென்னப்பட்டணம்.

பெறுநர்:
சூப்பரிண்டெண்டு துரையவர்கள்,
சர்க்கார் சவுக்குத் தோட்டங்கள், எண்ணூர்ப் பிரிவு.

பொருள்: தீயை அணைத்ததற்காகச் சிறையிலிருக்கும் இருளர் சின்னப்பையன் மீதுள்ள வழக்கைத் திரும்பப் பெறக் கோருவது, அவரை அங்கே அனுப்பிய என் கையெழுத்தை நானே மறுப்பது ஆகியவை குறித்து.

கனம் பொருந்திய ஐயா,

1. அலுவல் மிகுதியில் தாங்கள் என்னை மறந்திருக்கக்கூடும். சவுக்குத் தோட்டத்தில் குடியிருந்து மரம் வெட்டிப் பிழைக்கும் பத்தொன்பது இருளர் குடும்பங்களுக்கு நெருப்பைப் பற்றிப் பாடம் நடத்தத் தங்களால் நியமிக்கப்பட்டவன் நான். தலைமுறை தலைமுறையாகப் புதருக்குள் வாழ்பவர்களுக்கு நெருப்பு தெரியாது என்று இலாகா முடிவு செய்தது. வீட்டில் அடுப்பு மூட்டக்கூடத் தெரியாமல் மனைவியிடம் வசவு வாங்கும் எனக்கு அது தெரியும் என்றும் முடிவு செய்தது. இலாகாவின் முடிவுகளை விமரிசிக்கும் தகுதி எனக்கு இல்லை.

2. விளக்கு வைத்துத் திரையில் காட்ட இலாகா எனக்கு அளித்த படங்கள் மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் பதினொன்று பனி மூடிய சீமை மலைக்காடுகள். ஒன்றில் ஒரு கரடி தீயிலிருந்து ஓடுகிறது. எண்ணூர்க் கழிமுகத்து மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்த சின்னப்பையன், "இந்தக் கரடி நம்ம தோப்புல எந்தாண்ட கீது சாமி?" என்று கேட்டார். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். (சின்னப்பையனை "அவர்" என்று எழுதுவது ஆபீசு வழக்கத்துக்கு விரோதம் என்பதை அறிவேன். பொறுத்தருள வேண்டும்.)

3. அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாசி மாதம், பனி ஈரம் காயாத காலை வேளையில், உதிர்ந்த சவுக்குச் சருகை வரிவரியாகக் கூட்டி எரித்துவிடுவார்கள். வெயில் காலத்தில் எங்காவது தீப்பற்றினால் வெறுந்தரை வரைக்கும் வந்து பசியோடு நின்றுவிடும். எரிப்பதற்கு முன்னால், நெருப்பு வைப்பவர் தம் பெயரை மூன்று முறை உரக்கக் கூவ வேண்டும். காற்றடிக்கும் பக்கம் இருப்பவர்கள் விலகிக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. எல்லாம் அணைந்த பிறகும் யாராவது கேட்டால் "நான்தான் வச்சேன்" என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். வைத்தவன் ஒளிவதுதான் அவர்களிடையே மானக்கேடு. இந்தக் காட்டுமிராண்டிப் பழக்கத்தைத் தங்கள் 1929-ம் வருஷத்து உத்தரவு ஒழித்தது. தீப்பெட்டி வைத்திருப்பதே குற்றம் என்று அச்சடித்த நோட்டீசுகளை நாற்பது மரங்களில் ஆணியடித்தோம். அவர்களில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லை என்பதால் அதை எதிர்த்து ஒருவரும் எழுதவில்லை. இரண்டு வருஷச் சருகு முழங்கால் உயரம் சேர்ந்தது.

4. இவ்வருஷம் ஈஸ்டர் விடுமுறைச் சனிக்கிழமையன்று தங்கள் விருந்தினர்கள் கழிமுகத்தில் படகு ஓட்டிவிட்டு இரண்டாம் பிளாக்கு நிழலில் டிபன் சாப்பிட்டார்கள். அதற்காகச் சருகின் மேலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டப்பட்டது. அடுப்பு சர்க்கார் அனுமதி பெற்ற அடுப்பு. எனவே அதிலிருந்து பொறி பறந்திருக்க நியாயமில்லை. ஆயினும் ஏதோ துரதிர்ஷ்டத்தால் தீ அந்த மூன்று கற்களிலிருந்தே புறப்பட்டு, மேற்கிலிருந்து வீசிய மேல்காற்றில் கிழக்கே ஓடியது. விருந்தினர்கள் தேநீர்க் கோப்பைகளைக்கூட விட்டுவிடாமல் பத்திரமாக வெளியேறினார்கள் என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவிக்கிறேன். நாற்பது நோட்டீசுகளும் அருமையாக எரிந்தன.

5. கிழக்கே இருளர் குடிசைகள், அடுத்து விறகுக் கிடங்கு, அதற்கப்பால் மீனவர் குப்பம். நடுப்பகல். ஆண்கள் கடலில் இருந்தார்கள். குப்பத்தில் பெண்களும் குழந்தைகளும்தான். காட்டுத்தீத் தடுப்புப் போதகனாகிய நான் "ஓடுங்கள், ஓடுங்கள்" என்று கத்தினேன். என் படிப்பு அவ்வளவுதான். சின்னப்பையன் ஓடவில்லை. வண்டிப்பாதை ஓரத்தில் நின்று, ஒரு பிடி மணலை மேலேயிருந்து விட்டு, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, ஐயா. மடையன் என்று திட்டினேன். அவர் காத்திருந்தது கடல்காற்றுக்கு. மணல் மேற்கே சாய ஆரம்பித்ததும், "சின்னப்பையன் வைக்கிறேன்!" என்று மூன்று முறை கூவினார். என் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி, பாதையின் மேற்கு ஓரம் நெடுகச் சருகைக் கொளுத்தினார். கடல்காற்று அந்தத் தீயை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டு தீயும் எதிரும் புதிருமாக வந்து சேர்ந்தன. நடுவில் தின்ன ஒன்றுமில்லாமல் இரண்டும் செத்தன. குடிசை ஒன்றுகூடப் போகவில்லை. கிடங்கில் ஒரு விறகும் கருகவில்லை. குப்பத்தில் ஒரு குழந்தை இருமியதோடு சரி.

6. மறுநாள் ரேஞ்சர் கருணாகரன் அவர்கள் விசாரணைக்கு எழுந்தருளி, எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "தீ வைத்தது யார்?" என்று ஒரே கேள்வி கேட்டார். எந்தத் தீ என்று அவர் கேட்கவில்லை. டிபன் அடுப்பு மூட்டியவரை வரிசையில் நிறுத்தவுமில்லை. சின்னப்பையன் ஓரடி முன்னால் வந்து, "நான்தான் சாமி வச்சேன்" என்றார். தலை நிமிர்ந்துதான் சொன்னார். ஆகா, என்ன உண்மை, என்ன தைரியம் என்று நான் உருகிப்போனேன். "தீ வைத்ததைத் தானே ஒப்புக்கொண்டான்" என்று ரேஞ்சர் எழுதிய தாளில், சாட்சி என்ற இடத்தில், என் மாணவனைப் பற்றிய பெருமையுடன் சுழித்துச் சுழித்துக் கையெழுத்திட்டேன். அவருக்கு ஏதோ இனாம் சிபாரிசு செய்கிறார்கள் என்று நினைத்தேன், ஐயா! அரைமணி நேரத்தில் கையில் விலங்கு மாட்டினார்கள். ரேஞ்சரைத் தவிர எழுதப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டவனும் நான் ஒருவன்தான்.

7. இன்றோடு இருபத்தொன்பது நாள் ஆகிறது. வருகிற 11-ந் தேதி விசாரணை. மூன்று வருஷம் கிடைக்கலாம் என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் தாமாகவே முன்வந்து எனக்குத் தைரியம் சொன்னார். சின்னப்பையனின் மனைவி கெங்கம்மா வாரம் ஒருமுறை சிறை வாசல் வரைக்கும் நடந்து போய், உள்ளே விடாமல் திரும்பி வருகிறாள். "நெருப்ப வுட்டு நெருப்ப அட்ச்சாரு. அத்த மறைக்காம சொன்னாரு. இதுல எது சாமி தப்பு? சொல்லு, நானும் கத்துக்கிறேன்" என்று என்னைக் கேட்டாள். பாடம் நடத்தச் சம்பளம் வாங்குபவன் நான். வெட்கமாக இருந்தது.

8. முந்தாநாள் பகல் நாலாம் பிளாக்கில் மறுபடியும் புகை கிளம்பியது. நான் குடிசைகளுக்கு ஓடினேன். ஆண்கள் அனைவரும் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்களில் ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "வரோம் சாமி. அதுக்கு மின்னாடி ஒண்ணு சொல்லு. அணைச்சா எத்தினி வருசம்?" காற்று தானாக விழுந்தபடியால் இரண்டு ஏக்கரோடு போயிற்று. கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. அடுத்த முறை காற்றும் இலாகாவின் சம்பளம் வாங்காமல் இவ்வளவு ஒத்துழைக்கும் என்று நான் உறுதி கூற முடியாது.

ஆகையால் பிரார்த்திப்பது என்னவென்றால்: வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரம் தங்கள் பேனாவில் இருக்கிறது. 11-ந் தேதிக்கு முன் அதைப் பயன்படுத்திச் சின்னப்பையனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மாசி எரிப்பைத் தடுத்த உத்தரவையும் நீக்க வேண்டும். இல்லையேல் அன்று கோர்ட்டில் நான் ஏறி, என் சாட்சிக் கையெழுத்து படிக்காமல் போட்டது என்றும், தீப்பெட்டி என்னுடையது என்றும், முதல் தீ எந்த மூன்று கற்களிலிருந்து வந்தது, அங்கே யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்றும் சத்தியப் பிரமாணமாகச் சொல்லுவேன். இதனால் என் தற்காலிக உத்தியோகம் நிரந்தரமாகப் போகும் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

இம்மனுவில் பத்தொன்பது குடும்பத்தாரின் கைநாட்டும் இருந்தால் பலமாயிருக்கும் என்று எண்ணி, நேற்று மைப்பெட்டியுடன் போனேன். சின்னப்பையனுக்காக உயிரையும் கொடுப்பார்கள். ஆனால் ஒருவரும் விரலை நீட்டவில்லை. கடைசியாகக் கெங்கம்மாவிடம் கேட்டேன். கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "எங்க வூட்ல பேரு சொன்னவரு ஒர்த்தரு போதும் சாமி" என்றாள். ஆகவே இதில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. இம்முறை படித்துப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

இடம்: எண்ணூர்
தேதி: 4-5-1931

இன்றைய தேதி வரை தங்கள் ஊழியன்,
ஞா. தேவப்பிரியம்